மருந்துக் கணக்கும் எட்டாம் வகுப்பும்

செவிலியர் ஆக விரும்பும் பிள்ளைகள் பலர் பிளஸ் டூ தேர்வு முடிந்த பிறகே விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் பாதி முடிவாகிவிட்டிருக்கும். பி.எஸ்சி. நர்சிங்கில் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. பிளஸ் ஒன்னில் வணிகவியல் எடுத்த பெண்ணுக்கு அந்த நான்காண்டுப் பட்டப்படிப்பு அன்றே கைநழுவுகிறது. பிற பிரிவினரும் சேரக்கூடிய மூன்றாண்டு டிப்ளமோ இருக்கிறது; அதையும் பத்தாம் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் பாடப்பிரிவை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதாது. வார்டில் அன்றாடம் கைகொடுப்பது எட்டாம் வகுப்பு விகிதக் கணக்கு. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 180 மில்லிகிராம் பாராசிட்டமால் கொடுக்கச் சொல்லி மருத்துவர் எழுதுகிறார். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3.6 மில்லி. அதே மருந்து 125 மில்லிகிராம் புட்டியில் வந்தால் 7.2 மில்லி. லேபிளைப் பார்க்காமல் பழக்கத்தில் ஊற்றினால் அளவு இரட்டிக்கும், அல்லது பாதியாகும். குளுக்கோஸ் ஏற்றுவதும் கணக்குதான்: 500 மில்லி, 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 சொட்டு. கணக்காசிரியர்கள் ரயில் வேகத்தோடு இந்தக் கணக்குகளையும் கரும்பலகையில் போட்டால், 'இதெல்லாம் எதற்கு?' என்று எந்தப் பிள்ளையும் கேட்காது.

அடுத்தது ஆங்கிலம். தமிழ்வழியில் நன்றாகப் படித்து வந்த பிள்ளைகளே முதலாண்டில் அதிகம் திணறுகிறார்கள். இது அறிவுக் குறையல்ல. நாடித்துடிப்பு, சுவாசம், இரத்த அழுத்தம் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். கேஸ் ஷீட்டில் அவற்றை ஆங்கிலத்தில் எழுதவும், டியூட்டி மாறும்போது அடுத்தவரிடம் தெளிவாகச் சொல்லவும் பழக்கமில்லை. உயிரியல் பாடத்தில் ஒவ்வொரு கலைச்சொல்லையும் இரு மொழியிலும் எழுதவைத்தால் இந்தத் திணறல் பெருமளவு குறையும்.

வீட்டார் தயக்கம் பழையது. 1909-இல் வேலூரில் ஐடா ஸ்கடர் செவிலியர் பள்ளி தொடங்கிய காலத்தில், நோயாளியைத் தொட்டுச் செய்யும் வேலைக்குக் குடும்பத்துப் பெண்களை அனுப்பப் பெற்றோர் லேசில் இசையவில்லை. 1946-இல் அதே வேலூரில் செவிலியப் பட்டப்படிப்பே வந்துவிட்டது. இருந்தும் இரவுப் பணி என்றதும் இன்றும் சில வீடுகளில் முகம் சுருங்குகிறது. பையன் கேட்டாலோ 'இது பெண்கள் வேலை' என்கிறார்கள். தலைமையாசிரியர் எடுத்துச் சொல்வதைவிட, பெற்றோர் கூட்டத்துக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரை அழைப்பது மேல். இரவில் யார் துணை, விடுதி எப்படி, சம்பளம் எவ்வளவு என்று தாய்மார்கள் அவரிடம்தான் கூச்சமில்லாமல் கேட்பார்கள்.