புடைத்த நாடியும் சத்திரவைத்தியர் கண்ட வழியும்

சைக்கிளின் ரயர் ஓரிடத்தில் தேய்ந்து நூல் தெரியத் தொடங்கினால், உள்ளேயிருக்கும் ரியூப் அவ்விடத்தில் மெல்லப் பிதுங்கி வெளிவருவதை நேயர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். காற்றின் அழுத்தம் எப்பக்கமும் ஒன்றே. தேய்ந்த இடந்தான் அதற்கு இடங்கொடுக்கின்றது. பிதுங்கல் பெரிதாகப் பெரிதாக அதன் சுவர் மெலிகின்றது. மெலிய மெலிய அது மேலும் விரைவாகப் பெருக்கின்றது. இருதயத்திலிருந்து குருதியை எடுத்துச் செல்லும் நாடிகளுக்கும் இக்கதி நேர்வதுண்டு. நாடிச் சுவரின் நார்கள் நைந்துபோன இடத்தில், இருதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் அச்சுவரைச் சிறிது சிறிதாக வெளியே தள்ளுகின்றது. அவ்வாறு தோன்றும் வீக்கத்துக்குக் கிரேக்க வைத்தியர் இட்ட பெயர் அனியூரிசம். 'விரிவு' என்பது அச்சொல்லின் பொருள். தமிழில் அதனை நாடிப் புடைப்பு என்று கூறுவோம். புடைப்பு ஒருநாள் வெடிக்குமாயின், பெரும்பாலும் சில நிமிடங்களிலோ சில மணிகளிலோ உயிர் பிரிந்துவிடும்.

வைத்தியம் என் துறையன்று. மாணவர்க்கு வரலாறு போதிப்பதே என் தொழில். எனினும், முடியரசர்களையும் படையெடுப்புக்களையும் பற்றிப் பேசும் எங்கள் பாடநூல்களில் இடம்பெறாத இவ்வரலாறு என்னை நெடுநாளாகக் கவர்ந்துள்ளது. காரணம் இதுதான். ஏறத்தாழ ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளாகச் சத்திரவைத்தியர் அறிந்த வழி ஒன்றேயாகும்: ஆற்றை அடைத்துவிடுவது. ஆற்றை அடைத்தால் அதன் கீழுள்ள வயல்களுக்கு நீர் எங்கிருந்து வரும் என்னும் கேள்விக்கு அவர்களிடம் விடையிருக்கவில்லை.

கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்திலஸ் என்னும் கிரேக்க வைத்தியர், புடைப்புக்கு மேலும் கீழும் நாடியைக் கட்டி, நடுவிலுள்ள பையைக் கீறி, உள்ளே உறைந்திருப்பதை வெளியேற்ற வேண்டுமென்று எழுதினார். அவருடைய நூல்கள் மறைந்துபோயின. பிற்காலத்தார் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியுள்ளன. பதினாறாம் நூற்றாண்டில் அம்புறோஸ் பாரே என்னும் பிரெஞ்சுச் சத்திரவைத்தியர், பெரிய புடைப்புக்களிற் கத்தி வைக்க வேண்டாமென எச்சரித்தார். வைத்தபின் பீறிடும் குருதியை நிறுத்த அக்காலத்தில் எவராலும் இயலாதாகலின், அவ்வெச்சரிக்கையைக் கோழைத்தனம் என்று கூறுதல் தகாது.

இனி இலண்டன் மாநகருக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நகரத்துக் குதிரைவண்டிச் சாரதிகளிடையே முழங்காலின் பின்புறத்தில் நாடிப் புடைப்பு அடிக்கடி காணப்பட்டது. உயர்ந்த தோற்சப்பாத்தின் விளிம்பு அவ்விடத்தில் ஓயாது அழுத்துவதே காரணமென்று சிலர் எண்ணினர். மேகநோயும் நாடிச் சுவரைக் கெடுத்திருத்தல் கூடுமென இன்று கருதப்படுகின்றது. சாரதிக்கு அன்றிருந்த வழிகள் இரண்டே. ஒன்று, புடைப்பு வெடித்து இறப்பது. மற்றது, தொடையோடு காலை வெட்டியெறிவது. பேர்சிவல் பொற் போன்ற புகழ்பெற்ற சத்திரவைத்தியரே காலை அகற்றுவதுதான் நன்றென்று கூறினார். மயக்கமருந்து வைத்திய உலகில் பரவியது 1846ஆம் ஆண்டின் பின்னரே என்பதையும் நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். விழித்தபடியே காலை இழந்தவன் பிழைத்தாலும், வண்டியோட்டும் தொழிலை இழந்தான்.

1785ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், 45 வயதுடைய சாரதி ஒருவன் சென் ஜோர்ஜ் வைத்தியசாலையில் ஜோன் ஹன்ரரிடம் வந்து சேர்ந்தான். மூன்று ஆண்டுகளாக அவன் முழங்காலின் பின்னே வீக்கம் வளர்ந்து, கால் தடித்து நிறம் மாறியிருந்தது. முன்னர்ச் சிலர் புடைப்பை ஒட்டிய இடத்திலேயே நாடியைக் கட்டிப் பார்த்ததுண்டு. ஆனால் அவ்விடத்து நாடி நோயுற்றது, நூல் அதனை அறுத்துவிடும். ஹன்ரர் வேறு வழியிற் சிந்தித்தார். நோயுற்ற இடத்தை விட்டுவிட்டு, மேலே தொடையின் நடுவில் நலமாயுள்ள நாடியைத் தேடிக் கட்டினால் என்ன? பெருவழி அடைபட்டால் குருதி கிளைவழிகளால் சுற்றிச் சென்று காலைக் காப்பாற்றாதா? வேகங்குறைந்த புடைப்பினுள் குருதி உறைந்து, பின்னர் உடலே அதனைக் கரைத்துக்கொள்ளாதா?

மான்கொம்பைப் பற்றிய கதை ஒன்று இங்கே வழங்குகின்றது. றிச்மண்ட் பூங்காவில் மானொன்றின் கழுத்து நாடியை ஹன்ரர் கட்டினாராம். வளர்ந்துகொண்டிருந்த கொம்பு முதலிற் குளிர்ந்ததாம். ஒன்றிரண்டு வாரங்களில் மீண்டும் சூடேறியதாம். கிளை நாடிகள் பெருத்திருந்தனவாம். பிற்காலத்தார் எழுதிய கதையாகையால் எழுத்துக்கெழுத்து நம்பவேண்டியதில்லை. ஆயினும் ஹன்ரர் விலங்குகளில் ஓயாது சோதனை செய்தவர் என்பதில் ஐயமில்லை. மேலும், பிரான்ஸ் தேசத்து அனேல் என்பவர் 1710ஆம் ஆண்டிலேயே, பையைத் திறவாமல் அதன் மேலே மட்டும் நாடியைக் கட்டிக் கைப்புடைப்பு ஒன்றைக் குணமாக்கியிருந்தார். ஆங்கிலேயர் எழுதிய நூல்களை மட்டும் படிப்போர் அனேலை மறந்துவிடுவது வழக்கம்.

ஹன்ரர் தொடையின் உட்புறத்தைக் கீறி, நாடியை நான்கு நூல்களால், அறுந்துவிடாதபடி இலேசாகக் கட்டினார். புடைப்பைத் தொடவேயில்லை. கால் கறுத்து அழுகும் என்று எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். வீக்கம் நாளுக்கு நாள் வற்றியது. கிருமிகளைப் பற்றி எவரும் அறியாத காலமாகையால் காயம் பலமுறை சீழ்ப்பிடித்தது. நூற்றுண்டுகள் மாதக்கணக்காக வெளிவந்துகொண்டிருந்தன. எனினும் அம்மனிதன் தன் இரு கால்களோடும் மீண்டும் வண்டியோட்டச் சென்றான். 1787ஆம் ஆண்டு ஏப்ரலில் அவன் இறந்தது காய்ச்சலினால்; புடைப்பினாலன்று. ஹன்ரர் பெருமுயற்சியும் செலவும் செய்து அக்காலைப் பரிசோதிக்க உத்தரவு பெற்றார். புடைப்பு சுருங்கிக் கெட்டியாகிக் கிடந்தது. அச்சாரதியின் பெயரை அன்றைய அறிக்கை கூறவில்லை. நூற்றுக்கணக்கான கால்களைக் காப்பாற்றிய வழி அவனுடைய காலில்தான் உறுதிப்பட்டது.

இம்முறை ஒரு நூற்றாண்டு ஆட்சிசெய்தது. அதன் குறை 1888ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் வெளிப்பட்டது. கையில் துப்பாக்கிச் சன்னங்கள் பட்டதனாற் புடைப்பு உண்டான இளைஞன் ஒருவனுக்கு, றூடொல்ப் மாற்றாஸ் என்னும் இளம் வைத்தியர் மேலே நாடியைக் கட்டினார். சில நாட்களில் புடைப்பு மீண்டும் துடித்தது. கீழேயும் கட்டினார், அப்போதும் துடிப்பு அடங்கவில்லை. ஹன்ரர் நம்பிய அதே கிளைநாடிகள் இப்போது புடைப்புக்கே குருதி ஊட்டிக்கொண்டிருந்தன. மாற்றாஸ் பையைத் திறந்து, உட்சுவரில் வாய்திறந்திருந்த துளைகளை ஒவ்வொன்றாக உள்ளிருந்தே தைத்து மூடினார். இளைஞனின் கை பிழைத்தது. பத்தாண்டுக்கு மேல் அவர் அம்முறையை மறுபடி கையாளவில்லை என்பது வியப்பு. எனினும், அடைப்பதிலிருந்து தைப்பதற்கு வைத்தியம் திரும்பிய இடம் அதுவே.

கையும் காலும் இவ்வாறு பிழைக்க, பெருநாடி மட்டும் எவர்க்கும் பணியாதிருந்தது. இருதயத்திலிருந்து எழுந்து வயிற்றுக்குள் இறங்கும் அப்பெருங்கால்வாயை அடைத்தால், சுற்றிச் செல்லும் கிளைவழிகள் எளிதில் ஈடுகொடுக்கா. 1817ஆம் ஆண்டு ஹன்ரரின் மாணாக்கர் அஸ்லி கூப்பர், இலண்டனில் குருதி கசிந்து இறந்துகொண்டிருந்த சுமைதூக்கி ஒருவனின் வயிற்றைத் திறந்து, விரலாற் பெருநாடியைத் தேடிக் கட்டினார். ஏறத்தாழ 40 மணிநேரத்தில் நோயாளி இறந்தான். 1864இல் மூர் என்பவர், மார்புப் புடைப்பொன்றினுள் 26 யார் நீளமான மெல்லிய இரும்புக் கம்பியைச் செலுத்தினார். குருதி கம்பியிற் படிந்து உறையுமென்பது எண்ணம். அந்நோயாளியும் இறந்தான். மாற்றாஸ் 1923இல் பெருநாடியைக் கட்டிய பெண்ணொருத்தி ஒன்றரையாண்டுக்குக் கிட்டிய காலம் வாழ்ந்து காசநோயால் இறந்தாள். அதனை வெற்றியென்றே அன்றைய வைத்தியர் கொண்டாடினர்.

1948ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில், வயிற்றுவலியுடன் வந்த ஒருவரின் வயிற்றைத் திறந்தபோது, பெருநாடியில் பெரிய தோடம்பழ அளவு புடைப்பிருக்கக் கண்டார்கள். நோயாளி அல்பேட் ஐன்ஸ்ரைன். சத்திரவைத்தியர் றூடொல்ப் நிசனும், அவரைப்போலவே ஹிற்லரின் ஜேர்மனியை விட்டு வெளியேறியவர். அன்று நிசனாற் செய்யக்கூடியது ஒன்றே: புடைப்பைச் செலோபேன் தாளினாற் சுற்றினார். இனிப்புக்களைச் சுற்றிவரும் அத்தாள் உடலை உறுத்தி, சுற்றிலும் கடினமான தழும்பை உண்டாக்கும். அத்தழும்பு சுவருக்குக் கவசமாகும். கவசம் ஆறாண்டுக்கு மேல் தாங்கியது.

இதற்கிடையில் வேறொரு துறையில் அடித்தளம் இடப்பட்டிருந்தது. 1894இல் பிரான்சின் ஜனாதிபதி கார்னோ லியோன் நகரிற் குத்துண்டு, குருதிக்கலன் அறுபட்டு இறந்தார். அறுந்த கலனைத் தைக்க எவர்க்கும் தெரியவில்லை. அந்நகரத்து மருத்துவ மாணவரான அலெக்சிஸ் கரெல் இதனை மனத்திற் கொண்டு, பட்டுத்தையல் செய்யும் பெண்ணொருவரிடம் நுண்ணிய ஊசிவேலை பயின்றார். 1902இல் அவர் வெளியிட்ட முறையாற் கலன்களை ஒன்றோடொன்று கசிவின்றி இணைக்க முடிந்தது. 1912இல் நோபெல் பரிசும் கிடைத்தது. ஆயினும் அக்கலை பெருநாடிப் புடைப்பை எட்டுவதற்கு மேலும் அரை நூற்றாண்டு சென்றது. 1951ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பாரிஸ் நகரில் சாள்ஸ் டுபோஸ்ற் என்பவர் வயிற்றுப் பெருநாடியின் புடைப்பை முற்றாக வெட்டியெடுத்து, இறந்த ஒருவரிடமிருந்து பெற்றுப் பேணப்பட்ட நாடித்துண்டை அவ்விடத்தில் தைத்தார். நோயாளி பிழைத்துப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஆற்றை அடைப்பதைக் கைவிட்டுக் கால்வாயையே புதிதாகக் கட்டும் காலம் பிறந்தது.

இறந்தோரின் நாடிகள் போதியளவு கிடையா. கிடைத்தவையும் நாளடைவிற் கெட்டன. நாய் ஒன்றின் இருதயத்தில் விடப்பட்ட பட்டுநூலின்மேல் வழவழப்பான படலம் மூடியிருக்கக் கண்ட ஆதர் வூர்ஹீஸ் என்னும் அமெரிக்க இளம் வைத்தியர், துணியினாலேயே குழாய் செய்யலாமென எண்ணி, முதலிற் பட்டுக் கைக்குட்டையிலும், பின்னர் செயற்கை நூற்றுணியிலும் முயன்றார். 1952இல் அதன் பயனை வெளியிட்டார். ஹூஸ்ரன் நகரத்து மைக்கல் டிபேக்கி புடைவைக்கடையொன்றில் நைலோன் கேட்டபோது, அது தீர்ந்துவிட்டது, டக்ரோன் என்னும் புதுத்துணி உண்டென்றார்களாம். சிறுவயதில் தாயிடம் தையல் கற்றிருந்த அவர், வீட்டுத் தையல் இயந்திரத்திலேயே அதனைக் குழாயாகத் தைத்தார். டக்ரோன் குழாய் இன்றளவும் கைவிடப்படவில்லை.

மூளைக்குட் புடைப்பு எழுவதும் உண்டு. அவ்வரலாறு தனிப்பேச்சுக்கு உரியது. 1931இல் எடின்பரோவில் நோர்மன் டொற் நோயாளியின் தொடைத்தசையைக் கொண்டே மூளைநாடியின் புடைப்பைப் போர்த்தியதையும், 1937இல் வோல்ரர் டண்டி வெள்ளிக் கவ்வியினால் அதன் கழுத்தை நெரித்ததையும் மட்டும் இங்கே குறிப்பிடுகின்றேன்.

வயிற்றைத் திறவாமலே பெருநாடியைச் செப்பஞ்செய்யும் முறை அடுத்து வந்தது. மடித்த துணிக்குழாயைத் தொடைநாடி வழியே உட்செலுத்திப் புடைப்பினுள் விரியவைப்பது அது. 1990இல் புவனஸ் அயர்ஸ் நகரில் பரோடி என்பவர் இதனை வயிற்றுப் பெருநாடியிற் செய்தார் என்பது உலகறிந்தது. ஆனால் உக்ரேயினின் கார்கிவ் நகரில் வொலோடொஸ் என்பவர், 1987ஆம் ஆண்டிலேயே மார்புப் பெருநாடியில் இத்தகைய குழாயை வைத்திருந்தார். உருசிய மொழியில் எழுதப்பட்டமையால் மேல்நாட்டார் அதனை நெடுங்காலம் கவனிக்கவில்லை. மொழிச்சுவர் புகழையும் மறைக்கும் என்பது சிறிய மொழிகளைப் பேசும் எமக்குப் புதிதன்று.

கத்தியை எப்போது எடுப்பது என்பதும் கற்கப்பட்டது. வயிற்றுப் பெருநாடியின் இயல்பான அகலம் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர். 1998இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்று, 5.5 சென்ரிமீற்றர் வரையுள்ள புடைப்புக்களை முற்கூட்டியே வெட்டுவதால் ஆயுள் கூடுவதில்லை எனக் காட்டியது. ஆதலால் ஆண்களில் அந்த அளவு வரும்வரை, நோவில்லாத ஒலியலைப் படத்தினால் அவ்வப்போது அளந்து பார்த்திருப்பதே பொதுவான வழக்கம். பிரித்தானியாவில் 65 வயதான ஆண்கள் அனைவரும் இப்பரிசோதனைக்கு அழைக்கப்படுகின்றனர். புடைப்பை வளர்ப்பவற்றுள் மிகக் கொடியது புகையிலைப் புகை. சுருட்டும் பீடியும் அதற்கு விலக்கல்ல.

ஐன்ஸ்ரைனின் புடைப்பு 1955ஆம் ஆண்டு ஏப்ரலில் கசியத் தொடங்கியது. டுபோஸ்ற் காட்டிய வழி அப்போது நான்காண்டுப் பழையது. நியூயோர்க்கிலிருந்து தேர்ந்த சத்திரவைத்தியரும் வந்து பார்த்தார். செயற்கையாக ஆயுளை நீட்டுவதில் தமக்கு விருப்பமில்லை என்று கூறி, 76 வயதான அவர் சத்திரசிகிச்சையை மறுத்தார். ஏப்ரல் 18ஆம் நாள் இறந்தார். ஐம்பது ஆண்டுகள் கழிந்து, 97 வயதில் டிபேக்கியின் பெருநாடியே கிழிந்து புடைத்தது. அவரும் முதலில் மறுத்தார். அவர் உணர்விழந்தபின், மறுத்தவருக்குச் சிகிச்சை செய்தல் முறையா என வைத்தியசாலையின் நெறிமுறைக் குழு நள்ளிரவிற் கூடி ஆராய்ந்தது, மனைவி வற்புறுத்தினார். 2006ஆம் ஆண்டு பெப்ரவரியில், அவரிடம் தொழில் பயின்றோர் அவர் வகுத்த முறையாலேயே டக்ரோன் குழாயொன்றை அவருட் பொருத்தினர். மாதக்கணக்கிற் படுக்கையிற் கிடந்து எழுந்தபின், அவர்கள் செய்தது தமக்கு மகிழ்ச்சியே என்றார் டிபேக்கி. 2008ஆம் ஆண்டு ஜூலையில், நூறு வயது நிறைவதற்கு இரு மாதங்கள் குறைய, அவர் காலமானார்.