தி சீக்ரெட் டாக்ட்ரின்: நூல் வரலாறும் வாசிப்பும்

தி சீக்ரெட் டாக்ட்ரின் என்பது பிரம்மஞான சபையின் நிறுவனர்களுள் ஒருவரான ஹெலனா பிளவாட்ஸ்கி (1831–1891) ஆங்கிலத்தில் எழுதிய நூலாகும். தலைப்புக்கு 'இரகசியக் கோட்பாடு' என்பது பொருள். இது 1888-இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதி அண்டத்தின் தோற்றத்தையும், இரண்டாம் தொகுதி மனிதனின் தோற்றத்தையும் விளக்குகின்றன. பிரம்மஞான நூல்களுள் படிக்கக் கடினமானது என்று இந்நூல் பெயர் பெற்றுள்ளது. பொருளின் அருமை மட்டுமே அதற்குக் காரணமன்று. நூல் உருவான விதத்தையும் பின்னர் திருத்தப்பட்ட விதத்தையும் அறிந்து படித்தால் பல குழப்பங்கள் நீங்கும்.

உருவான வரலாறு

பிரம்மஞான சபை 1875-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. பிளவாட்ஸ்கியின் முதல் பெருநூலான ஐசிஸ் அன்வெயில்டு 1877-இல் வெளிவந்தது. அவரும் கர்னல் ஆல்காட்டும் 1879-இல் பம்பாய் வந்தனர். 1882-இன் இறுதியில் சபையின் தலைமையிடம் அடையாற்றுக்கு மாறியது.

தி சீக்ரெட் டாக்ட்ரின் முதலில் ஐசிஸ் நூலின் திருத்திய வடிவமாகவே திட்டமிடப்பட்டது. உடல்நலம் குன்றிய பிளவாட்ஸ்கி 1885-இல் இந்தியாவை விட்டுச் சென்று, ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் இருந்து எழுதினார். 1886-இல் ஒரு பகுதியைச் சென்னை வழக்கறிஞரும் வேதாந்த அறிஞருமான டி. சுப்பாராவின் பார்வைக்கு அனுப்பினார். சுப்பாராவ் அதைத் திருத்தித் தர முன்வரவில்லை. 1887-இல் பிளவாட்ஸ்கி லண்டன் சென்றபோது கையெழுத்துப் படி மூன்றடிக்கு மேல் உயர்ந்த காகிதக் குவியலாக, ஒழுங்கின்றி இருந்தது. ஆர்ச்சிபால்டு கீட்லி, பெர்ட்ராம் கீட்லி ஆகிய இருவரும் அதைப் படித்து, வரிசைப்படுத்தும் முறையைப் பரிந்துரைத்தனர்.

அமைப்பு

ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று பகுதிகள் உள்ளன. முதலில் செய்யுள்களும் உரையும், அடுத்து குறியீடுகளின் விளக்கம், இறுதியில் அக்கால அறிவியலுடன் விவாதம். 'த்ஸியான்' செய்யுள்கள் எனப்படுபவை முதல் தொகுதியில் ஏழாகவும், இரண்டாம் தொகுதியில் பன்னிரண்டாகவும் அமைந்துள்ளன. இவை மிகப் பழைய ஓலைச்சுவடி ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டவை என்று ஆசிரியர் கூறினார். அத்தகைய மூலநூல் எதையும் ஆய்வாளர்கள் இதுவரை கண்டறியவில்லை.

முகப்புரையில் மூன்று அடிப்படைக் கருத்துகள் தரப்பட்டுள்ளன:

1. எல்லையற்ற, மாறாத ஒரு மூலதத்துவம் உண்டு.
2. அண்டங்கள் தோன்றி மறையும் சுழற்சி இடையறாது நிகழ்கிறது.
3. எல்லா உயிர்களும் பேருயிருடன் ஒன்றானவை. ஒவ்வோர் உயிரும் கர்மத்தின்படி பிறவிப் பயணம் செய்தே தீர வேண்டும்.

இவற்றை அறிந்த பிறகே செய்யுள்களுக்குள் செல்ல வேண்டும் என்பது ஆசிரியரின் அறிவுரை. இவற்றைத் தவிர்த்து நடுவில் புகுபவர்களே பெரும்பாலும் தடுமாறுகின்றனர்.

பதிப்பு வேறுபாடுகள்

பிளவாட்ஸ்கி மறைந்த பின், அன்னி பெசன்ட்டும் ஜி. ஆர். எஸ். மீடும் 1893-இல் திருத்திய பதிப்பை வெளியிட்டனர். அவர் விட்டுச்சென்ற தாள்களைக் கொண்டு 1897-இல் மூன்றாம் தொகுதி வந்தது. அது ஆசிரியர் எண்ணிய மூன்றாம் தொகுதிதானா என்பது குறித்து இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மூலத்தை மாற்றியது தவறு என்று கருதியோர் 1925-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 1888-ஆம் ஆண்டுப் பதிப்பின் நிழற்படப் பதிப்பை வெளியிட்டனர். அடையாற்றின் 1938-ஆம் ஆண்டுப் பதிப்பு ஆறு தொகுதிகள் கொண்டது. போரிஸ் டி சர்காஃப் பதிப்பித்து 1979-இல் வந்த அடையாறு பதிப்பு மீண்டும் 1888-ஆம் ஆண்டுப் பாடத்துக்குத் திரும்பியது. எனவே மேற்கோள் காட்டும் மாணவர்கள் பக்க எண்ணுடன் பதிப்பு ஆண்டையும் குறிப்பிட வேண்டும்.

கலைச்சொற்கள்

சமஸ்கிருதம், திபெத்தியம், கிரேக்கம், எபிரேயம் ஆகியவற்றின் சொற்கள் நூலில் கலந்து வருகின்றன. நமக்குப் பழகிய சொல்லாக இருந்தாலும் பொருள் வேறாக இருக்கலாம். மனிதனின் கூறுகள் ஏழா, நான்கா என்பது பற்றி 1887-இல் தி தியாசபிஸ்ட் இதழில் சுப்பாராவும் பிளவாட்ஸ்கியும் வெளிப்படையாக விவாதித்தனர். சபைக்குள்ளேயே தொடக்கத்தில் ஒரே கலைச்சொல் மரபு இருக்கவில்லை என்பதை இது காட்டுகிறது. கேள்வி-பதிலாக அமைந்த தி கீ டு தியாசபி (1889) இச்சொற்களை அறிய எளிய நுழைவாயிலாகும்.

விமர்சனங்கள்

வில்சனின் விஷ்ணுபுராண மொழிபெயர்ப்பு, வின்செலின் வானியல் நூல் போன்றவற்றிலிருந்து பல பகுதிகள் உரிய குறிப்பின்றி எடுத்தாளப்பட்டன என்று அமெரிக்கரான வில்லியம் எம்மெட் கோல்மன் 1890-களில் குற்றஞ்சாட்டினார்.

'லெமூரியா' பற்றிய பகுதி தமிழ் வாசகர்கள் கவனத்துடன் படிக்க வேண்டியது. லெமூர் என்னும் விலங்கினத்தின் பரவலை விளக்க, விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் 1864-இல் முன்வைத்த கருதுகோள் நிலப்பகுதி அது. பிளவாட்ஸ்கி அதை 'மூன்றாம் மூல இனம்' வாழ்ந்த கண்டமாக்கினார். பின்னாளில் தமிழ்நாட்டில் அப்பெயர் குமரிக்கண்டத்துடன் இணைக்கப்பட்டது. கண்டப்பெயர்ச்சிக் கொள்கை ஏற்கப்பட்ட பின் அறிவியலுக்கு லெமூரியா தேவைப்படவில்லை. விலங்கியல் ஊகம், பிரம்மஞானக் கருத்து, தமிழ்க் கடல்கோள் மரபு ஆகிய மூன்றையும் வாசகர் பிரித்தறிய வேண்டும்.

இன வேறுபாடற்ற மனித சகோதரத்துவமே சபையின் முதல் நோக்கம். ஆயினும் சில தொல்குடிகளைத் தாழ்ந்தவர்களாகக் காட்டும் வரிகள் இந்நூலில் உள்ளன. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இனக்கொள்கையின் சாயல் அவற்றில் தெரிகிறது. இம்முரண்பாட்டை மறைக்காமல் படிப்பதே நேர்மையான வாசிப்பாகும்.

இந்நூலை அருள்வாக்காக முன்வைக்கவில்லை என்று பிளவாட்ஸ்கியே முன்னுரையில் தெளிவாகக் கூறியுள்ளார். வாசகர் அதை ஆராய்ந்து படிப்பதற்கு நூலாசிரியரின் அனுமதியும் உண்டு.