முதுசமும் கடனும்: ஒரு மிசூரிக் கமக்காரக் குடும்பத்தின் கதை

ஹரி எஸ். ட்ரூமன் என்ற பெயரைக் கேட்டதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது 1945 ஆம் ஆண்டே. ஹிரோஷிமாவும் நாகசாகியும் அப்பெயரை விட்டு அகலப் போவதில்லை, அகலவும் கூடாது. ஆனால் நேயர்களே, இன்று நாம் பேசவிருப்பது அந்த ஜனாதிபதியைப் பற்றியல்ல. இருபத்திரண்டு வயதிலிருந்து முப்பத்துமூன்று வயதுவரை கலப்பை பிடித்த ஒரு கமக்காரரைப் பற்றியும், ஐம்பது வயதுவரை உள்ளூர் அரசியலிலேயே உழன்ற ஒரு மனிதரைப் பற்றியும், அவரை உருவாக்கிய குடும்பத்தைப் பற்றியுமே பேசவிருக்கிறோம்.

ஒரு குடும்பம் தன் பிள்ளைகளுக்குக் காணியை மட்டும் முதுசமாகக் கொடுப்பதில்லை. கடனையும் கொடுக்கிறது, ஆறாத கோபங்களையும் கொடுக்கிறது. இவற்றில் எதைக் காப்பது, எதைத் தீர்ப்பது, எதைக் கைவிடுவது என்பது பின்வரும் தலைமுறைக்கு நேரும் சோதனை. மூன்று தலைமுறை ட்ரூமன் குடும்பத்தின் கதை அந்தச் சோதனையின் கதைதான்.

அமெரிக்காவின் நடுமேற்கிலே, கன்சாஸ் மாநிலத்தின் எல்லையை ஒட்டி மிசூரி மாநிலத்தின் ஜக்சன் கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்பது நமது மாவட்டத்தை ஒத்த ஒரு நிருவாகப் பிரிவு. 1840 களில் கென்டக்கி மாநிலத்திலிருந்து நல்ல மண் தேடி இப்பகுதிக்கு வந்தவர்களில் சொலமன் யங், அன்டர்சன் ஷிப் ட்ரூமன் என்ற இருவர் இருந்தனர். முன்னவர் நமது கதாநாயகரின் தாய்வழிப் பாட்டனார். பின்னவர் தந்தைவழிப் பாட்டனார். 1884 மே 8 ஆம் திகதி பேரன் பிறந்தபோது, பெயரின் நடுவே 'எஸ்' என்ற ஓர் எழுத்தை மட்டும் இட்டார்கள். அது சொலமனையும் குறிக்கும், ஷிப் என்பதையும் குறிக்கும். இரு பாட்டன்மாரின் மனமும் நோகாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. அரசியல்வாதி ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர்சூட்டல் இருக்க முடியாது!

சொலமன் யங் வாட்டசாட்டமான மனிதர். மாட்டு மந்தைகளையும் சரக்கு வண்டித் தொடர்களையும் மேற்கே கலிபோர்னியா வரை ஓட்டிச் சென்று வியாபாரம் செய்தவர். அவர் மாதக்கணக்கில் வெளியே இருந்த காலங்களிற் கமத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர் அவருடைய மனைவி ஹரியட் லூயிசா. இரு பாட்டன்மார் வீடுகளிலும் அடிமைகள் இருந்தனர் என்பதையும் இங்கு சொல்லிவிட வேண்டும். அந்தச் செழிப்பு முழுவதும் யங் குடும்பத்தின் வியர்வையால் விளைந்ததன்று.

அடிமைமுறை பற்றிய பூசல் 1850 களிலேயே கன்சாஸ்-மிசூரி எல்லையை எரியவைத்தது. 1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த கன்சாஸ் படையினர் யங் குடும்பத்தின் கமத்திற் புகுந்தனர். பன்றிகளைச் சுட்டனர், களஞ்சியங்களுக்குத் தீ வைத்தனர். ஹரியட் லூயிசாவைக் கைகள் கொப்பளிக்கும்வரை தங்களுக்கு ரொட்டி சுடவைத்தனர் என்று அக்குடும்பத்திற் சொல்லப்பட்டு வந்தது. 1863 ஓகஸ்டில் இன்னும் பெரிய இடி விழுந்தது. கெரில்லாக்களுக்குக் கிராமத்தவர் உதவுகிறார்கள் என்பதால் ஜெனரல் தோமஸ் யூவிங் '11 ஆம் இலக்கக் கட்டளை'யைப் பிறப்பித்தார். ஜக்சன் முதலான எல்லைக் கவுண்டிகளின் கிராமப்புற மக்கள் பதினைந்து நாட்களுக்குள் வீடுவாசலை விட்டு வெளியேற வேண்டும் என்பது கட்டளை. கொண்டுபோக முடிந்ததை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு யங் குடும்பமும் புறப்பட்டது. அந்த வண்டியின் பின்னே நடந்த பத்து வயதுச் சிறுமி மார்த்தா எலன், பிற்காலத்தில் ட்ரூமனின் தாய்.

போர் முடிந்தபின் அவர்கள் திரும்பி வந்தார்கள். மீண்டும் காணி சேர்த்தார்கள். போரில் இழந்தவற்றுக்கு 21,000 டொலருக்கு மேல் இழப்பீடு கோரிய ஹரியட் லூயிசாவுக்கு நெடுங்காலம் கழித்துக் கிடைத்தது 3,800 டொலர். ஆனால் இடம்பெயர்ந்த நினைவு பணத்தால் ஆறுவதில்லை. 1905 இல் தேசியக் காவற்படையிற் சேர்ந்த பேரன் ஹரி, புதிய நீலச் சீருடையைக் காட்டப் பாட்டியிடம் போனான். வடக்குப் படையினர் அணிந்ததும் நீலமே. 'இதை உடுத்திக்கொண்டு இனி இந்த வீட்டுக்குள் வராதே' என்ற கருத்திற் பாட்டி கண்டித்தார். போர் முடிந்து நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இது தாய்வழி முதுசம். தந்தைவழி முதுசம் வேறுவகையானது. தந்தை ஜோன் அன்டர்சன் ட்ரூமன் கோவேறு கழுதைகளையும் கால்நடைகளையும் வாங்கி விற்பவர், உழைப்பாளி, முன்கோபி, அரசியலென்றால் உயிர். பெரிய பணம் ஒன்று வந்துவிடும் என்ற கனவு அவரை விட்டதில்லை. கன்சாஸ் நகரத் தானியச் சந்தையில் எதிர்கால விலைகளின்மீது பணயம் வைத்து, 1901 அளவிற் கையிருப்பு முழுவதையும், மனைவிக்கு வந்த 160 ஏக்கரையும் சேர்த்து இழந்தார். மூத்த மகனின் பல்கலைக்கழகக் கனவும் அதனோடு போயிற்று. ஹரி புகையிரதப் பாதை வேலையில் நேரக்கணக்கு எழுதினார். பின்னர் வங்கி எழுதுவினைஞரானார். 1906 இல் தந்தை அழைத்தார். கிரான்ட்வியூ என்ற ஊரருகே இருந்த பாட்டியின் 600 ஏக்கர்க் கமத்துக்கு மகன் திரும்பினார்.

அங்கே சோளம், கோதுமை, ஓட்ஸ் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பயிரிட்டனர். இடையிடையே மண்ணுக்கு உரமூட்டத் தீவனப் புல்லும் விதைத்தனர். உழவுசால் கோணலானாலோ, விதைக்கும்போது ஓரிடம் தப்பி வெறுமையாகக் கிடந்தாலோ, தந்தை அதை ஆண்டு முழுவதும் சொல்லிக் காட்டுவார் என்று ட்ரூமன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1909 இற் பாட்டி காலமானார். காணியை ஒரு மகனுக்கும் மார்த்தா எலனுக்கும் மட்டும் எழுதியிருந்தமையால் ஏனைய பிள்ளைகள் வழக்குத் தொடுத்தனர். காணி தப்பியது, ஆனால் வழக்கைத் தீர்க்க அதை ஈடுவைக்க வேண்டியதாயிற்று. அன்று ஏறிய கடன் முப்பது ஆண்டுகள் இறங்கவேயில்லை.

இலக்கிய நேயர்கள் இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்காலத்தை நாம் அறிவது பெரும்பாலும் கடிதங்களால்தான். இன்டிபென்டன்ஸ் நகரில் வசித்த பெஸ் வொலஸ் என்ற பெண்ணைக் காதலித்த இந்தக் கமக்காரர், பகலெல்லாம் வயலில் நின்றுவிட்டு அவருக்குக் கடிதம் எழுதினார். பயிர், கடன், மழை, புத்தகம், பக்கத்து வீட்டார் என்று எதையும் ஒளிக்காத எழுத்து. 1,300 க்கு மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் அழகு உண்டு, அழுக்கும் உண்டு. 1911 இல் எழுதிய ஒரு கடிதத்திற் கறுப்பின மக்களையும் சீனரையும் இழிவாகப் பேசியிருக்கிறார். வண்டியின் பின்னே நடந்த சிறுமியின் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பேச்சு வீட்டு மொழியாகவே இருந்தது.

தந்தை ஜோனுக்கு அரசியல் தந்த பரிசு சிறியது. அப்பகுதியின் வீதி மேற்பார்வையாளர் பதவி. ஊரவரைக் கொண்டு மண்வீதிகளைச் செப்பனிடுவது வேலை. பலர் அப்பதவியைச் சாக்காக வைத்துக் காலங்கழிப்பார்கள், ஜோன் அப்படியல்லர். 1914 இல் வீதியிற் கிடந்த பாறையொன்றைத் தானே அகற்ற முயன்றபோது உடலுக்குள் காயமுற்றார். சத்திரசிகிச்சை பலனளிக்கவில்லை. நவம்பர் 2 ஆம் திகதி இறந்தார். சிறிதுகாலம் அந்த வேலையை மகன் ஏற்றுச் செய்தார்.

முதலாம் உலகப் போருக்குப் பீரங்கிப் படையின் கப்டனாகப் போய்வந்த ஹரி, 1919 இற் பெஸ்ஸை மணந்து, நண்பர் ஒருவருடன் கன்சாஸ் நகரில் ஆண்களுக்கான உடைக்கடை திறந்தார். 1922 இல் அது முறிந்தது. வங்குரோத்து மனுப்போட்டுத் தப்பாமல், பல ஆண்டுகள் சிறிது சிறிதாகக் கடனை அடைத்தார். அதே ஆண்டில் கவுண்டி மன்றத் தேர்தலில் நின்று வென்றார். 'நீதிபதி' என்பது பதவியின் பெயர். ஆனால் வழக்கு விசாரிப்பதல்ல வேலை. வரி, வீதி, பாலம், ஏழைகள் இல்லம் இவற்றைக் கவனிப்பதே. 1924 இல் தோற்றார். 1926 இல் தலைமை நீதிபதியாகத் தெரிவானார்.

அவரை அரசியலுக்குக் கொணர்ந்தவர்கள் கன்சாஸ் நகரை ஆட்டிப்படைத்த தோமஸ் பென்டர்காஸ்டின் ஆட்கள். ஒப்பந்தமும் வேலையும் வாக்கும் அந்தக் கூட்டத்தின் கையில் இருந்தன. ட்ரூமன் பதவியேற்றபோது கவுண்டி வீதிகள் ஒரு மாரிக்குத் தாங்காதவை. 1928 இல் வீதிக்கென 65 இலட்சம் டொலர் கடன்பத்திரம் வெளியிட மக்களிடம் அனுமதி கேட்டார். எந்தக் கமமும் நல்ல வீதியிலிருந்து இரண்டரை மைலுக்கு அப்பால் இருக்கக்கூடாது என்பது திட்டம். மக்கள் அனுமதித்தனர். குறைந்த கேள்விமனுவுக்கே ஒப்பந்தம் என்றார். கட்சியின் ஆட்கள் பென்டர்காஸ்டிடம் முறையிட்டனர். இந்த மனிதன் எவ்வளவு பிடிவாதக்காரன் என்று முன்பே சொன்னேனே என்று அவர் கையை விரித்துவிட்டாராம்.

அந்த வீதியொன்று தாயின் காணியையும் வெட்டிச் சென்றது. மற்றவர்களுக்கு இழப்பீடு உண்டு. தலைமை நீதிபதியின் தாய் என்பதால் அவருக்குக் கொடுக்கவில்லை என்று ட்ரூமன் பின்னாளிற் சொன்னார். இது மட்டும் கதையாக இருந்தால் நாம் ஒரு புனிதரைப் பற்றிப் பேசியவர்களாவோம். 1930 களின் தொடக்கத்தில், ஒரு ஹோட்டல் அறையில் தனித்திருந்து தனக்காக எழுதிய குறிப்புகளில் அவரே வேறொன்றையும் பதிந்திருக்கிறார். வீதிப் பணத்தைக் காப்பதற்காக, முதலாளியின் நண்பன் ஒருவன் கவுண்டியின் பொதுப்பணத்தில் ஏறத்தாழ 10,000 டொலரைத் திருடுவதற்கு இடங்கொடுத்தேன். இல்லாவிட்டால் பத்து இலட்சத்துக்கும் மேல் போயிருக்கும். நான் செய்தது சரியா என்று தன்னையே கேட்கிறார். தெரியவில்லை என்றே எழுதுகிறார். உள்ளூராட்சியில் ஒரு நாளாவது இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் விளங்கும்.

1934 இல் அவர் செனட் சபைக்குத் தெரிவானார். கமத்தின் ஈடோ தீரவில்லை. 1938 இற் கவுண்டியின் பாடசாலை நிதியத்திலிருந்து 35,000 டொலர் பெற்றுப் பழைய ஈட்டைப் புதுப்பித்தார்கள். மன்றத்திற் செல்வாக்கு இருந்ததால்தான் அத்தகைய தொகை கிடைத்தது என்று எதிரிகள் கூறியதை வெறும் பொறாமை என ஒதுக்கிவிட முடியாது. 1939 இற் பென்டர்காஸ்ட் வருமானவரி மோசடிக்காகச் சிறை சென்றார். கவுண்டி மன்றம் எதிரணியினரின் கைக்கு மாறியது. 1940 ஓகஸ்டில், ட்ரூமன் இரண்டாம் முறை செனட் தேர்தலில் நின்றுகொண்டிருந்தபோது, அதே கவுண்டி கமத்தை ஈட்டுக்கு ஈடாக எடுத்துக்கொண்டது. எண்பத்தேழு வயதுத் தாய், மகள் மேரி ஜேனுடன் கிரான்ட்வியூவில் ஒரு சிறு வீட்டுக்குப் போனார். பழக்கமில்லாத படியில் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. 1863 இல் ஒரு முறை. 1940 இல் மறுமுறை. அந்தப் பெண் தன் வாழ்நாளில் இருமுறை அந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

1945 இல் மகன் ஜனாதிபதியானார். தாய் வெள்ளை மாளிகைக்கு வந்தபோது, அடிமைமுறையை ஒழித்த லிங்கனின் கட்டிலில் படுப்பதைவிட நிலத்திற் படுப்பேன் என்ற பேச்சு குடும்பத்திற் பகிடியாக நிலைத்தது. அந்தப் பகிடிக்குள் பழைய தீயின் கங்கு இருந்தது.

மகன் என்ன செய்தார்? 1946 இல், இராணுவச் சேவை முடிந்து வீடு திரும்பிய ஐசாக் வுடார்ட் என்ற கறுப்பினத்தவர், தென் கரோலினாவிற் பொலிஸாரால் தாக்கப்பட்டுக் கண்ணிழந்தார். இச்செய்தி ட்ரூமனை உலுக்கியது. அவ்வாண்டு இறுதியில் குடியுரிமைகள் பற்றி ஆராயக் குழு அமைத்தார். 1947 ஜூன் 29 ஆம் திகதி, லிங்கன் நினைவு மண்டபப் படிகளில் நின்று, கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்திற் பேசினார். அதற்கு முன் எந்த ஜனாதிபதியும் அச்சங்கத்தில் உரையாற்றியதில்லை. முதல்நாள் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தப் பேச்சைப் பேச வேண்டியிராவிட்டால் நல்லது என்கிறார். முடிவில் லிங்கனை மேற்கோள் காட்டுவதால் அம்மாவுக்குப் பிடிக்காது என்கிறார். ஆனாலும் சொல்லப்போவதை நம்புகிறேன் என்கிறார். மேடைப்பேச்சைவிட இந்தக் கடிதமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தாயை வெறுக்காமல், தாயின் பகையை மட்டும் இறக்கிவைக்கும் ஒரு மனிதரின் தயக்கம் அதில் இருக்கிறது.

அடுத்த மாதம் 26 ஆம் திகதி தாய் இறந்தார். சரியாக ஓராண்டு கழித்து, 1948 ஜூலை 26 ஆம் திகதி, ஆயுதப்படைகளில் இனவேறுபாடின்றிச் சமமாக நடத்தப்பட வேண்டும் என்ற கட்டளையில் மகன் கையொப்பமிட்டார். திகதிப் பொருத்தம் தற்செயலானதே. 1863 இன் கட்டளையை மறவாத வீட்டிலிருந்து 1948 இன் கட்டளை வந்தது என்பதே நினைக்கத்தக்கது.

அந்தக் காணி என்னவாயிற்று? ஜனாதிபதியான பின் நண்பர்களின் உதவியோடு அதன் ஒரு பகுதியை ட்ரூமனும் தம்பி விவியனும் திரும்ப வாங்கினார்கள். 1950 களில் அதிற் பெரும்பகுதி ஒரு கடைத்தொகுதிக்காக விற்கப்பட்டது. பதவி விட்டிறங்கிய ஜனாதிபதிக்கு அப்போது ஓய்வூதியம் இருக்கவில்லை. காணி விற்ற பணமே கைகொடுத்தது. முன்னாள் ஜனாதிபதிகளுக்கான சட்டம் 1958 இல் வந்தது. எஞ்சிய சில ஏக்கரும் வீடும் தேசிய வரலாற்றுச் சின்னத்தின் பகுதியாகப் பேணப்படுகின்றன.

தந்தை தோல்வியடைந்தவர்தானே என்று கேட்டவர்களுக்கு, ஜனாதிபதியின் தந்தை எப்படித் தோற்றவராவார் என்று ட்ரூமன் பதில் சொன்னதாகக் கூறுவர். மகனுக்குரிய மறுமொழி அது. ஆனால் அந்த முன்கோபிக் கமக்காரருக்கு ஜனாதிபதிப் பதவியின் சான்று தேவையில்லை. யாரும் பார்க்காத ஒரு மண்வீதியிற் கிடந்த பாறையைப் பிறர் நகர்த்தட்டும் என்று அவர் விடவில்லை. அவருடைய மகன் அந்தக் கவுண்டியில் வீதி போட்டார்.