கஞ்சி நீக்கலும் நீராற்பகுப்பு நொதிகளும்: இராஜபாளையம் வட்டார நெசவை முன்வைத்து

1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸை நிறுவினார். அருகிலுள்ள சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணிக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் கைத்தறிச் சேலைக்கும் அறியப்பட்டவை. பாவு நூல் அறாதிருக்க இடப்படும் கஞ்சி சேலைக்கு விறைப்பைத் தரும். கட்டுத்துணியிலோ உறிஞ்சுதிறனைக் குறைக்கும்.

துணியை நீரில் ஊறவைத்துப் புளிக்கவிடுவது கஞ்சி நீக்கலின் பழைய முறை. அந்நீரில் பெருகும் நுண்ணுயிரிகளின் நொதிகள், நீர் மூலக்கூற்றைச் சேர்த்து மாவுப்பொருளின் பிணைப்புகளைத் துண்டிக்கும். ஊறல் மிகுந்தால் இழையும் நலியும்.

1833இல் பாயன், பெர்சோ ஆகியோர் முளைத்த பார்லியிலிருந்து டயஸ்டேசைப் பிரித்தனர். பின்னாளில் நெசவுத் தொழிலுக்கு வந்த அமைலேசு மாவுப்பொருளைப் பகுக்கும். பருத்தியின் செல்லுலோசைத் தொடாது. இத்தேர்வுத் திறனே இழை நலியாமல் கஞ்சி நீக்க வழிசெய்தது. ஆகவே, இவ்வட்டார நெசவு வரலாறு தறியோடு நின்றுவிடலாகாது. கஞ்சி நீக்கும் தொட்டியையும் உள்ளடக்க வேண்டும்.