ஸ்க்வெட்டா (சுவீடிய வினைச்சொல்)

ஸ்க்வெட்டா என்பது நீர், எண்ணெய், சேறு முதலியவை தெறிப்பதையும், அவற்றைத் தெறிக்க வைப்பதையும் ஒருசேரக் குறிக்கும் சுவீடிய வினைச்சொல். நிகழ்காலத்தில் ஸ்க்வெட்டெர் என்றும் இறந்தகாலத்தில் ஸ்க்வெட்டெ என்றும் வரும். ‘கீழே’ என்னும் பொருளுடைய ‘நேர்’ என்ற துணைச்சொல் சேர்ந்தால், தெறித்து நனைத்துப் பாழாக்குதல் என்று பொருள்படும். ஸ்டெங்க்கா என்ற இன்னொரு வினையும் தெறித்தலையே குறிப்பதால், இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடுவது எளிது. அது பாதிதான் சரி.

வாணலியில் எண்ணெய் தெறிக்கும்போது எந்த வினையைச் சொன்னாலும் பொருந்தும். வேறுபாடு அங்கே தெரியாது. வினைகளோடு உறவுள்ள பெயர்ச்சொற்களில்தான் அது துலங்குகிறது. சமையல் குறிப்பில் காரமான டபாஸ்கோ சாஸுக்குச் சில ‘ஸ்டெங்க்’ என்று எழுதுவார்கள்; அது சொட்டுக் கணக்கு. பாலேட்டுக்கு ஒரு ‘ஸ்க்வெட்’ என்பார்கள். அது பாத்திரத்தை ஒருமுறை சாய்த்தால் விழும் அளவு. சிறிது நேரம் அழுது தீர்ப்பதும் ‘ஒரு ஸ்க்வெட் அழுவது’தான். லேசான தூறலுக்கும், இஸ்திரிக்கு முன் துணியில் நீர் தெளிப்பதற்கும் ஸ்டெங்க்கா. வண்டிச் சக்கரத்தின் மட்கார்டுக்கும் அச்சொல்லே அடி. ஆக, ஸ்டெங்க்கா பல துளிகளாகப் பரவுவது. ஸ்க்வெட்டா ஒரே வீச்சில் வெளிப்படுவது.

அளவு குறைவு என்பதே ஸ்க்வெட்டாவின் அடிப்படை என்று வாதிடலாம். பெயர்ச்சொல்லுக்கு அது பொருந்தும், வினைக்குப் பொருந்தாது. தேங்கிய மழைநீரில் பேருந்து பாய்ந்து நடப்பவரை முழுக்க நனைத்தாலும் ஸ்க்வெட்டாதான். அங்கே நீர் கொஞ்சமல்ல. திடீரென எழுவதே முக்கியம். ஒரு வீச்சில் வருவது பெரும்பாலும் கொஞ்சமாக இருப்பதால், பெயர்ச்சொல்லில் சிறிதளவு என்ற பொருள் நிலைத்தது என்று கொள்வதே பொருத்தம். அண்டை மொழியான நார்வேஜியமும் இதற்குத் துணை நிற்கிறது. அங்கே இதன் இணைச்சொல்லான ஸ்க்வெத்தெ, நீர் தெறிப்பதையும் ஆள் திடுக்கிட்டுத் துள்ளுவதையும் குறிக்கிறது. கல்லுக்குக் கல் சட்டெனத் தாவும் ஒரு சிறு பறவைக்குச் சுவீடிய மொழியில் ஸ்டேன்ஸ்க்வெட்டா என்று பெயர். ‘ஸ்டேன்’ என்றால் கல். அந்தப் பெயரில் திரவமே இல்லை, துள்ளல் மட்டும் உண்டு.

தமிழாக்கும்போது ஸ்க்வெட்டாவுக்குத் ‘தெறி’ என்பதே முதல் தேர்வு. ‘தெளி’ என்பதை ஸ்டெங்க்காவுக்கு விட்டுவிடலாம்.