சீன இளவரசன் என்னும் பேரி

ஒரு பழத்தின் பெயரை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா? பேரி இந்தியாவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் கதை இக்கேள்வியை எழுப்புகிறது.

யுவான் சுவாங் 646-இல் நிறைவு செய்த பயண நூல், இன்றைய பஞ்சாபில் இருந்த சீனபுக்தி என்னும் நாட்டைக் குறிப்பிடுகிறது. கனிஷ்கரிடம் பிணையாக வந்த சீன இளவரசர்கள் அங்கே குளிர்காலத்தைக் கழித்தனர். அதற்கு முன் இந்தியாவில் இல்லாத பேரியையும் பீச்சையும் நட்டவர்கள் அவர்களே. அதனால் பீச் ‘சீனனி’ என்றும் பேரி ‘சீனராஜபுத்ர’ என்றும் பெயர் பெற்றன என்கிறார் அவர்.

இக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. கனிஷ்கருக்கும் யுவான் சுவாங்குக்கும் இடையே சுமார் ஐந்து நூற்றாண்டுகள் உள்ளன. அவ்வூர் மக்கள் தம்மைச் சுட்டி, ‘நம் பழைய தலைவரின் நாட்டவர்’ எனப் பேசிக்கொண்டதையும் அவர் பதிவு செய்கிறார். தாய்நாட்டுப் பெருமிதம் அதில் தெரிகிறது. மேலும், கைந்த் எனப்படும் காட்டுப் பேரி இமயமலைக்கே உரியது. ஆகவே ‘பேரி இல்லை’ என்பதைப் ‘பயிரிடும் பேரி இல்லை’ என்றே கொள்ள வேண்டும்.

பெயரும் முழுச் சான்றாகாது. சீனத்தில் தோன்றிய பீச்சுக்குத் தாவரவியல் இட்ட பெயர் ‘பெர்சிகா’. ரோமானியர் அதைப் பாரசீகம் வழியாகப் பெற்றதே காரணம். பெயரில் நிலைப்பது பெரும்பாலும் கொடுத்தவரின் அடையாளமே.

எனினும் தோட்டம் யுவான் சுவாங்குக்கு ஓரளவு துணை நிற்கிறது. ஐரோப்பியப் பேரிக்கு நீண்ட குளிர் வேண்டும். கிழக்காசியப் பேரியிலோ குறைந்த குளிரில் காய்க்கும் வகைகள் உண்டு. பஞ்சாப் சமவெளியில் இன்று விளையும் ‘பத்தர்நாக்’ அவ்வினத்தைச் சேர்ந்தது. அது இளவரசர்கள் நட்ட மரத்தின் வழி வந்தது என்று இதனால் நிறுவ முடியாது. கதை நடந்திருக்கக்கூடியது என்பது மட்டுமே தெளிவாகிறது.

பேரி விதை தாய்மரத்தின் குணத்தை அப்படியே தருவதில்லை, ஒட்டுக்கட்ட வேண்டும். பெரும்பாலான வகைகள் நன்கு காய்க்க, அதே பருவத்தில் பூக்கும் வேறொரு வகை அருகில் நிற்கவும் வேண்டும். ஓர் இளவரசரின் ஆசைக்கு நட்ட ஒற்றை மரம் நூற்றாண்டுகளைக் கடந்திருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாக ஒட்டுக்கட்டிய கைகள் இருந்திருக்க வேண்டும். இன்றும் பஞ்சாபில் பத்தர்நாக்கைக் கைந்த் வேரின்மேல் ஒட்டுக்கட்டுகின்றனர்: கிழக்காசியக் கிளை, இமய வேர்.

யுவான் சுவாங்கின் குறிப்பு இளவரசர்களை நினைவில் வைத்தது; தோட்டக்காரர்களை விட்டுவிட்டது. தாவர வரலாறு எழுதும் மாணவர்கள் சுவடியோடு நின்றுவிடாமல், ஒட்டுக்கட்டுவோரிடமும் பாடம் கேட்க வேண்டும்.