மருதானை டவர் மண்டபம்

கொழும்பில் நாடக அரங்கு என்றதும் பலரும் 1953இல் திறக்கப்பட்ட லயனல் வென்ட் அரங்கையே குறிப்பிடுவர். அதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்னரே, 1911இல், மருதானையில் டவர் மண்டபம் எழுந்துவிட்டது. சார்ள்ஸ் டயஸின் 'பண்டுகாபய' அங்கு அரங்கேறிய முதல் நாடகம்.

அங்கு செழித்த சிங்கள 'நூர்த்தி' நாடகம், பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பிறந்தது. எமது இசை நாடகமும் அதே பார்சி மேடைக்குக் கடன்பட்டதே. நூர்த்தி முன்னோடியான ஜோன் டி சில்வாவின் பாடல்களுக்கு இசையமைத்த விஸ்வநாத் லௌஜி இந்தியாவிலிருந்து வந்த கலைஞர்.

பின்னர் சினிமாவின் செல்வாக்கில் மண்டபம் படமாளிகையாயிற்று. 1978இல் மீண்டும் நாடகத்துக்குத் திறக்கப்பட்டது.

இந்நாட்டின் இரு மொழி நாடக வரலாறுகளையும் தனித்தனியே எழுதிப் பழகிவிட்டோம். இரண்டையும் சேர்த்து எழுத விரும்புவோருக்கு நான் காட்டும் முதல் வாசல் இதுவே.